மூன்றாவது சரணம்

பிப்ரவரி 3

அன்புள்ள பேனாத் தம்பிக்கு,

நலம்தானே? சின்னவனைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிய அன்று எங்கள் வாசலில் நின்று, "அடுத்த வாரம் வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான்கு மாதமாகியும் அந்த அடுத்த வாரம் வரவில்லை. அம்மா உன்னைத் திட்டவில்லை, பயப்படாதே. "பேனாவுக்கு வேலை அதிகமா இருக்கும்" என்று உனக்காக அவளே சாக்குச் சொல்லிக்கொள்கிறாள். திட்டுகிறவள் நான்தான்.

போனில் கூப்பிடக் கூடாதா என்று கேட்பாய். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் எந்தக் கருவியையும் காதருகே கொண்டுபோகத் தோன்றாது. அதனால் கடிதம். நீயும் கடிதமே எழுது. உன் அழகான கையெழுத்தையாவது பார்க்கலாம்.

சின்னவனின் கடைசிப் பாட்டு வெளிவந்து இரண்டு வாரமாகிறது. பேருந்தில் அதுதான். முடிதிருத்தும் கடையில் அதுதான். போன செவ்வாய் பல் வலிக்காகப் போனேன், பல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அவரும் அதையே முணுமுணுத்தார். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் எனக்கு அர்த்தம் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், "உங்க தம்பிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா" என்றார். எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஆள் நான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவன் போனதிலிருந்து அம்மா வாசல் விளக்கை அணைக்கவே விடவில்லை. பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பாட்டின் மூன்றாவது சரணத்தைக் கேட்ட அன்று அவளாகவே எழுந்துபோய் அணைத்தாள். அன்றிலிருந்து தூங்குகிறாள். அதற்காக உனக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

பாட்டை எழுதியவன் நீ. எனக்குப் புரியும்படி அர்த்தம் சொல். சுவர் என்றால் என்ன? எட்டு மாடி எது? கடைசி வரிகளை அவன் எப்போது, எந்த மனநிலையில் பாடினான்? மூன்று நாள் காய்ச்சலோடு, மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் இசை நிறுவனத்து மேலாளர் அவனை மேடையேற்றினார் என்று நான் கொடுத்த மனு இந்த மாதம் பதினெட்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன்னால் என் மனம் கொஞ்சம் தெளிந்தால் நல்லது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

—

பிப்ரவரி 11

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. திட்டு எவ்வளவு இருக்குமோ என்ற பயம்தான். குறைவாகவே திட்டியிருக்கிறீர்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பாட்டுக்கு அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். உங்களிடம் அது முடியாது.

"என் பெயரைச் சுவரில் தீட்டினார்கள், என்னைச் சுவருக்குள் வைத்துப் பூசினார்கள்." இது பல்லவி. புகழைத்தான் சொல்கிறது. ஊரெல்லாம் அவன் முகம் சுவரொட்டியில் சிரித்தது. அந்த முகத்துக்குப் பின்னால் இருந்தவனை யாரும் விசாரிக்கவில்லை.

"எட்டு மாடிக் கட்டடம், என் குரலுக்கு ஓர் அறை. கதவுக்கு வெளியே சாவி, உள்ளே நான் மட்டும்." முதல் சரணம். கட்டடம் நிறுவனம்தான். உங்களுக்கே தெரியும், அதற்கு ஏழு மாடிதான் இருக்கிறது. இல்லாத அந்த எட்டாவது மாடி மரணம். புகழின் படிக்கட்டு கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது என்பது பொருள்.

"செத்தவன் பாட்டு நன்றாக விற்கும் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், நானும் சிரித்தேன்." இரண்டாவது சரணம். இதற்கு அர்த்தமே தேவையில்லை. மேலாளர் ஒரு நாள் விளையாட்டாகச் சொன்னது. சின்னவன் அதை அப்படியே பாட்டில் வைக்கச் சொன்னான்.

மூன்றாவது சரணம் அமைதி. "யாரும் தள்ளவில்லை என்னை, நானாய் நடந்தேன். சுடும் வெளிச்சம் என்று தெரிந்தே நின்றேன். அழாதே அம்மா, வாசல் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு." கோபமெல்லாம் அடங்கிய ஒருவன் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறான். கடைசி வாரத்தில் அவனே கேட்டு எழுதவைத்தான். ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போனான். மனபாரம் இல்லாமல்தான் போயிருக்கிறான் அக்கா. நீங்களும் இறக்கி வையுங்கள்.

என்றும் உங்கள்
பேனா

—

பிப்ரவரி 20

அன்புள்ள பேனாத் தம்பிக்கு,

எட்டாவது மாடி மரணம் என்று எழுதியதைப் படித்து, அலுவலகம் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். என்னிடமே கதை விடுகிறாயே. அவனுக்கு "ழ" வராது, அதனால் ஏழு எட்டாயிற்று. அவன் வாயில் அது "ஏளு". சின்ன வயதில் "வாளைப்பளம்" என்பான், நான் தலையில் குட்டுவேன். பாட்டு வாத்தியார் மூன்று வருடம் மன்றாடிவிட்டு, "இவனுக்கு அந்த எழுத்தே வேண்டாம்" என்று கும்பிடு போட்டார். பன்னிரண்டு வருடமாக நீ அவனுக்கு அந்த எழுத்தில்லாமலே எழுதினாய். அவன் பாட்டில் எங்குமே "வாழ்க்கை" என்ற சொல் இல்லை என்று கண்டுபிடித்து, "வாழ்க்கையை மறுத்த கலைஞன்" என்று ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதினாரே, நினைவிருக்கிறதா? நம் வீட்டில் நீயும் அவனும் அதைச் சத்தமாகப் படித்துத் தரையில் உருண்டீர்கள்.

சிரிப்பு இதோடு போதும். பதினெட்டாம் தேதி விசாரணை நடந்தது. நீளமான மேசை, பத்து நாற்காலி, ஓட்டைக் குடம் மாதிரி ஒரு பழைய ஏசி, சொட்டிக்கொண்டே இருந்தது. நிறுவனத்தின் வக்கீல் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மருத்துவச் சான்று, காய்ச்சல் அளவு எதையும் பேசவில்லை. மூன்றாவது சரணத்தை மட்டும் போட்டார்.

"நாங்க யாரும் தள்ளலைங்க. அவரே சொல்றாரு, கேளுங்க" என்றார்.

விசாரணை அதிகாரி இன்னொரு தடவை போடச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேச எழுந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் தம்பியே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது.

நீ எழுதியபடி அது அமைதியைச் சொல்கிற சரணம். அதை அவர் ஒப்புதல் வாக்குமூலமாக ஆக்கிவிட்டார். அடுத்த அமர்வு ஏப்ரல் இரண்டு. நீ வந்து அதிகாரியிடம் சொல்ல வேண்டும். எழுதியவன் சொன்னால்தான் எடுபடும். எந்தத் தேதியில் எழுதினாய், அவன் எந்தத் தேதியில் பாடினான், என்ன நினைத்துக் கேட்டான், அவ்வளவுதான். ஒரு மணிநேர வேலை. அம்மா உனக்கு மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டாள்.

வருகிறாய்தானே?

உன் அக்கா

—

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். புதிய தொகுப்பு ஒன்றின் வேலை கழுத்தை நெரிக்கிறது. சின்னவனுடன் கோரஸ் பாடிக்கொண்டிருந்த பையனை நிறுவனம் இப்போது முன்னுக்குக் கொண்டுவருகிறது. ஏழு பாட்டும் நான்தான் எழுத வேண்டும். பாடல் பிரிவுக்கே என்னைப் பொறுப்பாளராக்கியிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

வக்கீல் பாட்டைப் போட்ட விதம் என் மனதையும் புண்படுத்தியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டுக்கு நூறு பேர் நூறு அர்த்தம் சொல்வார்கள். நான் போய் நின்று "இதுதான் அர்த்தம்" என்று கையெழுத்துப் போட்டால் அது பாட்டே இல்லை, ரசீது. தேதி, நேரம் எல்லாம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. தவறாக எதையாவது சொல்லி உங்கள் மனுவையே கெடுத்துவிடுவேனோ என்றுதான் தயங்குகிறேன்.

தவிரவும், விசாரணை எப்படி முடிந்தாலும் அவன் திரும்பி வரப்போவதில்லை. அம்மா தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதைவிடப் பெரிய தீர்ப்பு வேறென்ன? என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள் அக்கா. நான் பேனா பிடிக்கிறவன், அங்கே எனக்குப் பேச வராது.

பிரியத்துடன்
பேனா

—

மார்ச் 9

பேனாவுக்கு,

பன்னிரண்டு வருடத்து ரெக்கார்டிங் தேதிகளை வரிசையாக ஒப்பிக்கிறவன் நீ. எந்தப் பாட்டு எந்தக் கிழமை, அன்று சின்னவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்பதுகூட உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவனுக்கு ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி நினைவில்லை என்றால், என்ன நினைப்பேன்?

நேற்று மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் வெளியே போன பிறகு பாட்டை என் அலுவலக இயந்திரத்தில் போட்டேன். என் காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னோக்கிப் போகும். பதினேழு வருடமாக அடுத்தவர் பேச்சை அதில்தான் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். சாட்சி எச்சில் விழுங்குகிற இடம்கூடத் தவறாது. அப்படிப்பட்ட காது, என் சொந்தத் தம்பியின் பாட்டில் இத்தனை நாள் அழுதுகொண்டே இருந்துவிட்டது.

அழாதே அம்மா.

எத்தனை முறை பின்னால் இழுத்தேன் என்று தெரியாது. "அழாதே." சுத்தமான "ழ". நாக்கு மடங்கி மேலே தொட்டுத் திரும்புகிற சத்தம். முப்பத்துநான்கு வருடத்தில் அவன் ஒரு நாளும் எழுப்பாத சத்தம்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினேன்.

அவனுக்கு வராத எழுத்தை அவன் கேட்டு நீ எழுதினாயா? அவன் பாடாத பாட்டுக்கு எனக்கு அர்த்தம் எழுதி அனுப்பினாயா? "மனபாரம் இல்லாமல் போனான்" என்று எழுதினாயே, அப்போது உன் கை நடுங்கவே இல்லையா? எழுத்து நேராகத்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

அவன் வீடு திரும்பும்வரை அம்மா வாசல் விளக்கை எரியவிட்டுக் காத்திருப்பாள் என்பது உனக்கு எப்படித் தெரியும்? அவனோடு சேர்ந்து நீயும் அந்த வாசல் வழியாக வந்தவன் என்பதால் தெரியும். எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்ததைக் கொண்டுபோய் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறாய்.

யார் பாடியது? எப்போது எழுதினாய்? யார் எழுதச் சொன்னது? மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நிம்மதியாகத் தூங்குகிறவளை எழுப்பி, அது பொய் என்று எப்படிச் சொல்வது? அந்த வேலையையும் எனக்கு வைத்துவிட்டாய்.

அக்கா

—

மார்ச் 17

அக்கா,

பொழுது விடிந்ததும் எழுத உட்கார்ந்தேன், இப்போது மணி பதினொன்று. ஒன்பது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இதை அப்படியே அனுப்பப் போகிறேன்.

நீங்கள் கேட்டது சரி. அவன் பாடவில்லை.

பாட்டு இரண்டு சரணத்தோடு முடிந்தது. சின்னவன், "இதோட நிறுத்திடு, இதுக்கு மேல சொல்ல என்ன இருக்கு" என்றான். அதைப் பாடிப் பதிவும் செய்தான். அவன் போன மூன்றாவது வாரம், நீங்கள் மனு கொடுத்த செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள், மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பாட்டுக்கு முடிவு இல்லை, ஒரு சரணம் வேண்டும் என்றார். முதல் வரியை அவரே சொன்னார். "யாரும் தள்ளவில்லை என்னை." எதற்காக அந்த வரி என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். மீதியை நாற்பது நிமிடத்தில் எழுதினேன். பாடியது அந்தக் கோரஸ் பையன். சின்னவன் குரலை அவன் கேலி செய்து பாடிக்காட்டுவான், சின்னவனே ரசித்துச் சிரிப்பான். அதே குரலில் பாடச் சொன்னார்கள்.

"அழாதே" என்று எழுதும்போது "ழ" என் கண்ணில் பட்டது. "கலங்காதே" என்று மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பாடப்போவது அவன் இல்லையே என்று கை விட்டுவிட்டதா, யாராவது பிடிக்கட்டும் என்று உள்ளே ஏதாவது நினைத்ததா, எனக்கே தெரியவில்லை. நல்லவனாகக் காட்டிக்கொள்ள இரண்டாவதைச் சொல்ல ஆசைதான்.

அம்மாவின் விளக்கை எழுதியபோது அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அது பொய்யில்லை. அதுவும் இருந்தது.

இன்னொன்று. நீங்கள் கேட்காதது. இதைச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

கடைசி நிகழ்ச்சி அன்று மாலை ஒப்பனை அறையிலிருந்து அவன் என்னைப் போனில் கூப்பிட்டான். காய்ச்சல் குளிரில் பல் கிட்டப் பேசினான். "முடியலைடா. நீ சொன்னா மேலாளர் கேப்பாரு. எனக்காகக் கொஞ்சம் பேசு" என்றான். எனக்குப் பிரிவுப் பொறுப்பு தருவதாக மேலாளர் சொல்லியிருந்த வாரம் அது. நான் அவனிடம், "ஒரே ஒரு நிகழ்ச்சிதானே, முடிச்சிட்டு வந்து படு" என்றேன். "சரிடா" என்று வைத்துவிட்டான். நான்காவது பாட்டின் நடுவில் மேடையில் விழுந்தவன் எழவேயில்லை.

யாரும் தள்ளவில்லை என்ற வரியை மேலாளர் தனக்காகக் கேட்டார். நான் எனக்காகவும் எழுதிக்கொண்டேன்.

இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். இது வெளியே போனால் எனக்கு இந்தத் தொழிலில் இடமே இல்லை. கூடப்பிறக்காவிட்டாலும் உங்களை அக்கா என்றுதான் நினைத்து வந்திருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்.

பேனா

—

ஏப்ரல் 6

பாடலாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மார்ச் 17 கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

பத்து நாள் அதை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலுவலகம் போய் வந்தேன். கிழிக்க மனம் வந்த நாளும் உண்டு. பன்னிரண்டு வருடம் எங்கள் வீட்டில் ஒருவராக இருந்தவர், நம்பி எழுதியிருக்கிறார், அதை வெளியே காட்டுவது நியாயமா என்று எனக்குள்ளேயே வாதாடினேன். பிறகு, சின்னவனும் நம்பித்தான் உங்களைக் கூப்பிட்டான் என்று தோன்றியது.

அம்மாவிடம் மார்ச் 29 காலை சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாவது சரணம் அவன் பாடியதில்லை என்றேன். நம்பவில்லை. உங்கள் கடிதத்தை முழுக்கப் படித்துக்காட்டினேன். அவன் உங்களைக் கூப்பிட்ட இடம் வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்தப் பத்தியை மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தேன். ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாகக் கலந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. மாடி அறையில் உங்களுக்காக விரித்திருந்த படுக்கையைப் பிற்பாடு அவளே சுருட்டி எடுத்தாள். ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், நான் உதவப் போனேன், வேண்டாம் என்றாள். இப்போது அவள் சரியாகத் தூங்குவதில்லை. நானும்தான்.

ஏப்ரல் 2 அன்று கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். வக்கீல் எதிர்த்தார், இது தனிப்பட்ட கடிதம் என்றார். அதிகாரி, "பாட்டைப் பொதுவில் போட்டது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். எழுத்தர் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்தார். உணர்ச்சியே இல்லாத குரல். மேலாளர் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோரஸ் பையனும் வந்திருந்தான். அவன் எழுந்து, தான் பாடியது உண்மை, எதற்கென்று தெரியாமல் பாடிவிட்டதாகச் சொன்னான். வெளியே வந்து அம்மாவின் எதிரில் நின்று அழுதான்.

மூன்றாவது சரணத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று அதிகாரி பதிவு செய்திருக்கிறார். மேலாளரை விசாரிக்க நாள் குறித்திருக்கிறார்கள். உங்களுக்கும் அழைப்பாணை வரும். அதை எதிர்பார்க்காமல் வாங்கி அதிர்ச்சி அடைய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நீங்கள் எங்களுக்குச் செய்யாத அந்த ஒரு மரியாதையை நான் உங்களுக்குச் செய்துவிடுகிறேன்.

உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறதா என்று கேட்டால், மேலாளர் மேல் இருக்கிற அளவுக்கு இல்லை. அவர் எங்களுக்கு யாரோ. அவரிடம் நாங்கள் எதையும் எதிர்பார்த்ததில்லை. உங்களை நினைத்தால் ஆத்திரம் வருவதற்கு முன்னால் வெட்கம் வந்துவிடுகிறது. பிப்ரவரியில் நான் உங்களுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். அதைப் படித்துவிட்டும் எட்டாவது மாடிக்கு அர்த்தம் எழுதினீர்கள்.

விசாரணை அறையிலிருந்து திரும்பும் வழியில், பேருந்தில், அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு விடை தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அது என் தொழில்.

"'வேணாம்டா, இறங்கி வந்துடு'ன்னு சொல்ல பேனாவுக்கு எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்?"

பதிலை எங்களுக்கு எழுத வேண்டாம். இனி இந்த முகவரிக்கு எதுவும் எழுத வேண்டாம். அதிகாரி கேட்பார், அங்கே சொல்லுங்கள். அன்றைய ஒலிப்பதிவு என் மேசைக்கு வராது. உறவினர் வழக்கு என்பதால் வேறொருவர் தட்டச்சு செய்வார். அதில் எனக்கு நிம்மதிதான்.

இப்படிக்கு,
மனுதாரர்